இரண்டாம் வியாழனில் கேட்ட ஐந்து சொற்கள்

"புரட்டாதி 13, வியாழன், காலை 9 மணி. கருவி அணிந்து வரவும். ஞாபகச் சோதனை மீண்டும் செய்யப்படும். இன்றைய முடிவை இறுதியாகக் கொள்ள வேண்டாம்."

ஆனி 14, வியாழக்கிழமை, மன்னார் நகரில் நடந்த காதுக் கிளினிக்கில் என் கணவருக்குக் கொடுத்த சீட்டு இது. கடைசி வசனத்தின் கீழ் நீல மையால் கோடு போட்டிருக்கிறது. நாங்கள் இந்தியாவிலிருந்து எங்கள் ஊரான பேசாலைக்குத் திரும்பி வந்த மூன்றாம் ஆண்டு. சீட்டை அன்றே என் குறிப்புக் கொப்பியில் ஒட்டிவிட்டேன். திகதியையும் நேரத்தையும் மனப்பாடம் செய்தேன். கோடு போட்ட வசனத்தை மட்டும் கவனத்தில் எடுக்கவில்லை.

என் கணவர் போட் எஞ்சின் திருத்துபவர். சிறுவயதிலிருந்து அதுதான் தொழில். அகதி முகாமில் இருந்த காலத்திலும் தமிழ்நாட்டுக் கரையில் அதையே செய்தார். திருத்திய எஞ்சினை உரியவரிடம் கொடுக்கும் முன் போட்டில் பூட்டி, கடலில் ஓடிப் பார்ப்பார். அவரைப் பொறுத்தவரை திருத்துவது அரைவாசி வேலை, ஓடிப் பார்ப்பது மற்ற அரைவாசி. முன்பெல்லாம் திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, உள்ளே என்ன பிழை என்று சொல்லுவார். ஊருக்கு வந்த பிறகு உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார். காது கேட்காததால்தான் கைக்கு மாறினார் என்பது எனக்குப் பிந்தியே விளங்கியது.

அந்த வருடம் பங்குனி 20ஆம் திகதி காலை ஏழரை மணிக்கு ஒருவரின் போட்டைத் தனியே கொண்டு போனார். அரை மணித்தியாலத்தில் வரவேண்டியவர். கரையிலிருந்தவர்கள் கூப்பிட்டார்கள், துவாயை விசிறிக் காட்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் தலைமன்னார்ப் பக்கம் இரண்டு துறை தள்ளிப் போய்க் கரையேறியிருந்தார். அங்கிருந்தவர்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எஞ்சினைக் கழற்றத் தொடங்கினாராம். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன்.

"எஞ்சின்ர சத்தம் பிடிபடேல்ல. பிடிபடுமட்டும் ஓடினனான்" என்றார்.

ஊரில் அது இரண்டு விதமாகப் பேசப்பட்டது. காது போய்விட்டது என்று சிலர். நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது என்று சிலர். இரண்டாவது பேச்சுக்கு ஆதாரங்களும் இருந்தன. எஞ்சினுக்கு வாங்கிக்கொடுத்த சாமான் வந்ததையே மறந்து, திரும்பவும் வாங்கித் தரும்படி ஒருவரிடம் கேட்டிருந்தார். ஒருவரின் பெயரைச் சொல்லி இன்னொருவரைக் கூப்பிட்டிருந்தார். மீனவர் சங்கத்துச் செயலாளர் எங்கள் வீட்டு வேலியடியில் நின்று, என்னிடம் மட்டும், மெதுவாகச் சொன்னார்.

"கோவியாதேங்கோ அக்கா. அவருக்கு ஞாபகம் ஒழுங்கோ எண்டு எங்கயாவது காட்டி ஒரு துண்டு எழுதுவிச்சுக் கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் போட்டைத் தனியக் குடுக்கேலாது. கடலில நிண்டுகொண்டு வழி மறந்தால் ஆர் பொறுப்பு?"

அவர் மெதுவாகப் பேசத் தேவையே இருக்கவில்லை. என் கணவர் ஆறடி தள்ளி நின்று பிளக் துடைத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. துண்டு கிடைக்காவிட்டால் அவர் தொழில் பாதியாகக் குறையும். பாதித் தொழிலோடு அவர் இருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

கிளினிக் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் வியாழனில், ஒரு மண்டபத்தில் நடந்தது. காது பார்த்த பிள்ளை வவுனியாப் பக்கத்தவள், முப்பது வயதுக்குள் இருக்கும். ஆனி 14 அன்று என் தம்பியின் ஓட்டோவில் போனோம். காதில் கவசம் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமத்தச் சொன்னாள். இரண்டு காதும் நன்றாகக் குறைந்திருந்தன, இடது காது மோசம். அதோடு முடிந்தது என்று எழும்பப் பார்த்தோம்.

"இருங்கோ ஐயா. இன்னும் கொஞ்சம் கேள்வி இருக்கு. ஞாபகத்தைப் பற்றினது" என்றாள்.

உள்ளே எங்களோடு வந்திருந்த தம்பிக்கு வாய் சும்மா இராது. "காதைக் காட்ட வந்தால் மண்டையையும் திறந்து பாக்கினம். அத்தான், வெறும் மண்டை எண்டு கண்டுபிடிக்கப் போகினம்."

அந்தப் பிள்ளையும் சிரித்தாள். பிறகு எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். காது கேட்காதவர் ஆட்களோடு கதைப்பது குறையும், கேள்விக்குப் பிழையான பதில் சொல்லுவார், பார்ப்பவர்களுக்கு நினைவுக் கோளாறு போலத் தெரியும். சிலருக்கு உண்மையாகவே இரண்டும் சேர்ந்து வரும். எது எவ்வளவு என்று பிரித்தறியாமல் கருவியை மட்டும் கொடுத்து அனுப்பினால், கருவியைப் போட மறந்து பெட்டிக்குள் வைத்திருப்பவர்களும் உண்டு. அதற்குத்தான் இந்தச் சோதனை. நோயைச் சொல்லும் சோதனை அல்ல, மேலே பார்க்க வேண்டுமா என்று காட்டும் சோதனை என்றும் சொன்னாள். அதையும் கொப்பியில் எழுதினேன்.

கேட்காத காதோடு கேள்வி கேட்பது நியாயமில்லை என்று, சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு சிறு பெட்டி வைத்திருந்தாள். அன்று எங்களுக்கு முன் வந்தவரோடேயே அதன் பற்றரி தீர்ந்துபோயிருந்தது. ஆகவே கிட்ட இருந்து உரத்துக் கேட்டாள். இன்று என்ன திகதி. எந்த மாதம். இது என்ன இடம். ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தாள்: தேங்காய், கதிரை, மணல், குடை, ஆடு. ஐம்பதிலிருந்து மும்மூன்றாகக் குறைக்கச் சொன்னாள். தாளில் ஒரு மணிக்கூடு கீறி, நாலு இருபது காட்டச் சொன்னாள்.

"சாவி குடுக்கிற மணிக்கூடோ, பற்றரியோ?" என்று கேட்டார் இவர்.

"எதெண்டாலும் சரி ஐயா."

மணிக்கூடு மிகத் திருத்தமாக வந்தது. முட்கள் பூட்டும் நடு ஆணியைக்கூடக் கீறியிருந்தார். ஆனால் திகதி பிழை. ஐந்து சொற்களைப் பிறகு கேட்டபோது மணலும் ஆடும் மட்டுமே வந்தன. புள்ளி எல்லைக்குக் கீழே என்றாள் அந்தப் பிள்ளை. உடனேயே, அது காதாலும் இருக்கலாம், கருவி போட்டுப் பழகிய பிறகு திரும்பப் பார்ப்போம் என்று சொல்லி அந்தச் சீட்டை எழுதி, கடைசி வசனத்தின் கீழ் கோடு போட்டாள்.

நான் எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. ஐந்து சொற்களும் அன்றைய பக்கத்தில் அதே வரிசையில் இருந்தன.

இந்த இடத்தில் என் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எதையும் திகதியோடு எழுதி வைப்பவள். கிடைத்ததையெல்லாம் வாசிப்பவள், வாசித்து முடித்த திகதியைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறிப்பவள். முகாமில் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய மரியாதை இருந்தது. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அதே கேள்விகள்தான்: எந்தத் திகதியில் கரையிறங்கினீர்கள், எந்தத் துறையில் போட் ஏறினீர்கள், அகதி அட்டை எப்போது பதிந்தது. புருசன் ஒரு திகதியும் பெண்சாதி ஒரு திகதியும் சொன்னால் பைல் கட்டின் அடிக்குப் போகும். ஆகவே விசாரணைக்கு முதல் நாட்களில் குடும்பம் குடும்பமாக என் கொட்டிலுக்கு வருவார்கள். நான் கொப்பியைப் பார்த்துத் திகதிகளைச் சொல்லிக் கொடுப்பேன், அவர்கள் பாடமாக்குவார்கள். பொய் அல்ல, எல்லாம் உண்மையான திகதிகள். ஆனால் உண்மையையும் ஒத்திகை பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஊருக்குத் திரும்புவதற்கான விசாரணையில் என் கணவர் கரையிறங்கிய நாளை ஒரு கிழமை முந்திச் சொல்லிவிட்டார். எங்கள் பைல் நாலு மாதம் பிந்தியது. அதற்குப் பிறகு, மேசைக்கு மறுபக்கம் கடதாசியோடு யார் இருந்தாலும் நான் சொல்லிக் கொடுக்காமல் அவரை உள்ளே அனுப்பியதில்லை.

ஆகவே புரட்டாதி வரை மூன்று மாதமும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது திகதி கேட்பேன். அவர் பெற்றோலில் காபரேற்றர் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய், "அஞ்சையும் சொல்லுங்கோ" என்பேன். "தேங்காய், கதிரை, மணல், குடை, ஆடு" என்பார், தலை நிமிராமல். தம்பி வந்தால் அவனுக்கு இது விளையாட்டு.

"அக்கா, அத்தானைப் பாலர் வகுப்பில சேர்த்திட்டியோ? மத்தியானச் சாப்பாடு குடுக்கினமோ?"

"உன்னைச் சேர்த்தால் இந்த அஞ்சும் ஒரு வருசத்துக்கும் வராது, போடா."

கிளினிக்கில் கொடுத்த காதுக் கருவியும் அதற்குள் பழகியிருந்தது. முதல் கிழமை முழுக்க முறைப்பாடு. செருப்புச் சத்தம் அதிகம், கரண்டிச் சத்தம் அதிகம், கோழிகள் இவ்வளவு கத்துமா என்றார். ஒரு பின்னேரம் நான் எழுதிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார்.

"உன்ர பேனையும் கத்துது. என்னப்பா இவ்வளவு எழுதிறாய்?"

திரும்பவும் திருப்புளியைக் காதருகே கொண்டுபோகத் தொடங்கினார். ஆனால் கருவியின் மேல் பிடி பட்டால் கீச்சென்று கத்தும். ஆகவே கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்து, பிறகு எந்தப் பையில் வைத்தேன் என்று தேடுவார். இதை ஞாபகக் கணக்கில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியை நானும் தேடுவதுண்டு.

புரட்டாதி 13 வந்தது. அதே மண்டபம், அதே பிள்ளை, பெட்டிக்குப் புதுப் பற்றரி. கருவியோடு அவர் எல்லாக் கேள்வியையும் கேட்டார். திகதி சரி, மாதம் சரி, இடம் சரி. பிறகு அவள் ஐந்து சொற்களைச் சொன்னாள். அவை வேறு சொற்கள். வாழை, பூட்டு, மழை, செருப்பு, மாடு. அவரும் திருப்பிச் சொன்னார். இடையில் மணிக்கூடு, கழித்தல். அதன் பிறகு அவள், "அப்ப ஐயா, முந்திச் சொன்ன அந்த அஞ்சு..." என்று தொடங்கினாள்.

"தேங்காய், கதிரை, மணல், குடை, ஆடு."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்தாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"அம்மா, வீட்டில சொல்லிக் குடுத்தனீங்களோ?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் ஏசவில்லை. "இது பாஸ் பண்ணுற சோதினை இல்லையம்மா. காய்ச்சல்காரனுக்குத் தேர்மாமீற்றர் வைக்க முந்தி வாய்க்குள்ள ஐஸ் வைச்ச மாதிரி. இப்ப நான் என்னத்தை எழுதுறது?"

"அப்ப நான் சொன்னது சரியோ, பிழையோ?" என்று கேட்டார் இவர்.

"எனக்குத் தெரியேல்ல ஐயா. மூண்டு மாசத்துக்கு முந்தினதை ஒண்டும் தவறாமல் சொன்னீங்கள், அது ஞாபகம்தான். ஆனால் பத்து நிமிசத்துக்கு முந்தினது ஒண்டும் வரேல்லயே."

"நீ எங்கட அஞ்சைத்தானே கேட்டனீ எண்டு நினைச்சன் பிள்ளை. மற்றது வேண்டுமெண்டால் கேக்கிறதுதானே."

"சரி, சொல்லுங்கோ பாப்பம்."

"மழை" என்றார். யோசித்தார். "மாடு." அதோடு நின்றுவிட்டது. மற்ற மூன்றும் இருந்தனவா, பழைய ஐந்தும் வந்து அவற்றை மூடிவிட்டனவா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. படிவத்தில் மொத்தப் புள்ளி போடும் பெட்டியை வெறுமையாக விட்டு, கார்த்திகை மாதத்து இரண்டாம் வியாழனுக்கு இன்னொரு சீட்டு எழுதினாள். பிறகு என்னிடம் தனியாக, "கையெடுத்துக் கேக்கிறன் அம்மா, ஒண்டும் சொல்லிக் குடுக்காதேங்கோ. நோய் இருந்தால் வெள்ளனத் தெரியிறது அவருக்குத்தான் நல்லம்" என்றாள்.

தம்பியின் ஓட்டோவில் திரும்பினோம். பேசாலைத் திருப்பத்துக்குக் கிட்ட வந்தபோது இவர் பேசினார். ஓட்டோச் சத்தத்தில் எனக்குக் கேட்குமோ என்று நினைத்தாரோ என்னவோ, என் பக்கம் நன்றாகத் திரும்பிச் சொன்னார்.

"காம்பில நீ சொல்லித் தந்தது கந்தோரை நம்பாமல். இது என்னை நம்பாமல்."

இதை அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கீழே என் பதிலுக்கென்று இடம் விட்டிருக்கிறேன். அவர் சொன்னது முழுக்கச் சரியென்றும் சொல்ல முடியாது. தோற்றுவிடுவார் என்றுதான் நான் பயந்தேன். ஆனால் அவருக்குள் உண்மையாகவே ஏதாவது தொடங்கியிருந்தால், அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவள் நான். கண்டுபிடிக்க விடாமல் செய்தவளும் நானாகியிருந்தேன்.

அடுத்த எட்டுக் கிழமையும் எனக்கு நோன்பு மாதிரி. காலையில் திகதி கேட்பதில்லை. அவர் என்னைக் கேட்டால், "நாட்காட்டியைப் பாருங்கோ" என்பேன். அவர் அந்த நாட்களில் துணைக்கு ஓர் ஆளை ஏற்றிக்கொண்டுதான் ஓடிப் பார்த்தார். துணைக்குப் போனவர்கள் இடையில் கதை கொடுத்ததால் சத்தம் கவனிக்க முடியவில்லை என்று வந்து முணுமுணுப்பார். இரண்டு எஞ்சின்களைக் குறை தீராமலே திருப்பிக் கொடுத்தார். முந்தி ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. செயலாளர் துண்டு வந்ததா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

கார்த்திகை 8, வியாழன். விடியவே மழை. மண்டபத்து வாசலில் சேறு, உட்காரும் வாங்குகள் நிறைய ஆட்கள். பேசாலையிலிருந்து இன்னொருவரும் வந்திருந்தார். இவரை விட இரண்டு வயது மூத்தவர், எங்களோடு முகாமில் அதே வரிசையில் இருந்தவர், அவருக்கும் காது மந்தம். அவர் உள்ளே போய் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தார். இந்தத் தரம் நான் உள்ளே வரமாட்டேன் என்று முதலே சொல்லியிருந்தேன். கூப்பிடுமுன் தண்ணீர் குடிக்க வாசல் பக்கம் போனேன். திரும்பிப் பார்த்தபோது அந்த மனிதர் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் கருவி, ஆகவே தலையோடு தலை வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிடம் இருக்கும். பிறகு இவரைக் கூப்பிட்டார்கள்.

இருபத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்தார். பின்னாலேயே அந்தப் பிள்ளை வந்தாள், முகத்தில் சந்தோசம்.

"நல்லாச் செய்தவர் அம்மா. அஞ்சும் வந்தது. எல்லைக்கு மேல. இப்போதைக்குப் பயமில்லை, ஆறு மாசத்தில ஒருக்காப் பாப்பம். நீங்கள் சொல்லிக் குடுக்கேல்லத்தானே?"

"ஒரு சொல்லும் இல்லை" என்றேன். அது உண்மை.

செயலாளருக்குக் கொடுக்க ஒரு துண்டு எழுதித் தந்தாள். அன்று பின்னேரமே கொடுத்தோம். மழை விட்ட மறுநாள், கார்த்திகை 10, சனிக்கிழமை, இவர் தனியே போட் எடுத்துப் போனார். ஏழு ஐந்துக்குப் போய் ஏழு ஐம்பதுக்கு வந்தார். எழுதியிருக்கிறேன்.

அன்றிரவு வியாழக்கிழமைப் பக்கத்தை முடிக்கும்போதுதான், அந்த மூன்று நிமிடம் எனக்கு உறைத்தது. முகாமில் விசாரணை நடக்கும் நாட்களில், உள்ளே போய் வந்தவர் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். அடுத்ததாகப் போகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கேட்டார்கள், எந்த வரிசையில் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். சொல்லாமல் போகிறவரை ஆட்கள் மதிக்கமாட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவும் தேவையில்லை, அது தானாக நடக்கும்.

முதலில் இவரைக் கேட்டேன்.

"அண்டைக்கு வாங்கில இருந்து என்ன கதைச்சனீங்கள்?"

"பிளக் கதை. அவன்ர மருமகன்ர எஞ்சின் காலமையில எழும்புதில்லையாம்."

"வேற?"

"வேற என்ன? விசாரணையோ?"

பிறகு ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வளவில் அந்த மனிதரைக் கண்டு கேட்டேன். அவர் பெரிதாகச் சிரித்தார்.

"தங்கச்சி, கொப்பியில போடவோ கேக்கிறாய்? போடாத, போடாத." மருமகனுடைய எஞ்சினைக் கேட்டேன். "ஓம், அதுவும் கதைச்சனாங்கள்தான்" என்றார். "அதுவும்" என்ற சொல்லுக்கு மேல் ஒன்றும் வாங்க முடியவில்லை.

அன்று எல்லோருக்கும் ஒரே ஐந்து சொற்களா, ஆளுக்கு ஆள் வேறா என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். வேறென்றால் மூன்று நிமிடத்தில் என்ன கதைத்திருந்தாலும் பாதகமில்லை. மார்கழி மாதத்து இரண்டாம் வியாழன் அதைக் கேட்பதற்கென்றே போனேன். அந்தப் பிள்ளை மாற்றலாகிப் போயிருந்தாள். புதிதாக வந்தவருக்குத் தெரியவில்லை, பழைய படிவங்கள் அங்கே இல்லை. வந்த வழியில் செயலாளரின் வீட்டைத் தாண்டித்தான் வந்தேன். வாசலில் நின்றார், தலையை ஆட்டினேன், என் சந்தேகத்தை அவரிடம் சொல்லவில்லை. இவர் அப்போது தனியே கடலில் நின்றார்.

ஆகவே கார்த்திகை 8ஆம் திகதிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ஞாபகச் சோதனை, மூன்றாம் முறை, எல்லைக்கு மேல். சோதனைக்கு முன் சொற்கள் அவருக்குத் தெரிந்திருந்தனவா என்பது சரிபார்க்கப்படவில்லை.